எந்த பெயின்ட்டுக்கு எந்த பிரஷ்?

பிரஷ் வாங்கும் முன் டப்பாவில் இருப்பது தண்ணீரில் கரையும் பெயின்ட்டா, எண்ணெய் கலந்ததா என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

தண்ணீரில் கரையும் எமல்ஷன், அக்ரிலிக் போன்றவற்றுக்கு நைலான், பாலியஸ்டர் இழை பிரஷ்தான் சரி. பன்றி முடியில் செய்த இயற்கை பிரஷ்ஷை இதில் தோய்த்தால், முடி தண்ணீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும். கோடு நேராக வராது. அதே பன்றி முடி பிரஷ் எண்ணெய் கலந்த எனாமலுக்கும் வார்னிஷுக்கும் அருமையாக உழைக்கும். எமல்ஷனுக்கு நைலானும் பாலியஸ்டரும் கலந்த இழை இன்னும் நல்லது. நைலான் வழவழப்பாகப் பூசும், பாலியஸ்டர் விறைப்பைத் தாங்கிப் பிடிக்கும்.

கடையில் கையில் எடுத்ததும் இழைகளின் நுனியைக் கவனியுங்கள். தரமான பிரஷ்ஷில் நுனி மெல்லியதாகப் பிளந்திருக்கும். அதனால் பெயின்ட்டை அதிகம் பிடிக்கும், பூசிய தடமும் குறைவாகத் தெரியும். இழைகளை உள்ளங்கையில் அழுத்தி விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். லேசாக இழுத்தும் பாருங்கள். ஓரிரு இழை உதிர்ந்தால் பரவாயில்லை, கொத்தாக வந்தால் வைத்துவிடுங்கள். ஈரமான பெயின்ட்டில் ஒட்டிய இழையைப் பிடுங்குவது பெரிய வேதனை! இழைகளைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது.

ஜன்னல் சட்டத்துக்கு 1½ அங்குலச் சாய்வு பிரஷ், கதவுக்கு 2½ அங்குலம் போதும். அப்புறம், வேலை முடிந்ததும் எமல்ஷன் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரிலும், எனாமல் பிரஷ்ஷை டர்பன்டைனிலும் காயும் முன்பே கழுவிவிடுங்கள்.