ஐயா காலத்துக் காரை வெட்டுவதற்கு முன்: செட்டிநாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் பின்கட்டைத் தாண்டினால் ஒரு ஷெட் இருக்கும். உள்ளே தார்ப்பாய்க்குக் கீழே ஐயா (தாத்தா) வாங்கிய ஒரு அம்பாசடர், இல்லாவிட்டால் ஒரு ஃபியட், கொடுத்து வைத்த வீடாக இருந்தால் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கல்யாணத்துக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ ஊருக்கு வரும் பேரன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறான். இதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றலாமா, இப்படியே வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா என்று யோசனை ஓடுகிறது. மூன்றுமே நியாயமானவைதான். ஆனால் எந்த வேலையை எப்போது செய்வது என்ற வரிசையில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். திரும்பச் சரிசெய்ய முடியாத வேலை முதலில் முடிந்துவிடுகிறது. யோசனை அப்புறம் வருகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் ஆசையிலிருந்தே தொடங்கலாம். யூட்யூபில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு பழைய சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் ஃபைபர் பாடி பூட்டி, கூரையில்லாத இரண்டு சீட் வண்டியை ஓட்டிக் காட்டுகிறார். அங்கே இது பழைய பழக்கம். 1957-ல் வந்த லோட்டஸ் செவனைப் பிரித்த சாமானாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு இருந்த பர்ச்சேஸ் டாக்ஸ் அதற்குக் கிடையாது. 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்கு மாறியது. சலுகை போன பிறகும் பூட்டுகிறவர்கள் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படிச் செய்த ஒற்றை வண்டியையும் சோதித்து ரோட்டுக்கு அனுமதிக்க அங்கே அரசாங்கத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

இந்தக் கதையில் ஹெரால்டுக்குத் தனி இடம் உண்டு. சின்னக் கார்கள் பலவும் பாடியும் சேசிஸும் ஒன்றேயான கட்டுமானத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1959-ல், டிரையம்ஃப் ஹெரால்ட் தனி சேசிஸோடு வந்தது. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். இப்படிச் சாமானாக வாங்கிப் பூட்டும் கிட் கார் செய்கிறவர்கள் அதைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். அதே காரைத்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்தது. பேரனுக்குக் கை துறுதுறுப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சேசிஸ் ஒன்றாக இருந்தாலும் சட்டம் ஒன்றல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரித்த கம்பெனி கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரண்படுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அதே வருடச் சட்டத் திருத்தத்தின்படி, விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கூரையை எடுப்பது ஒரு மாற்றம், என்ஜின் இன்னொரு மாற்றம், சீட் எண்ணிக்கை இன்னொன்று. ‘நம்ம ஊர்ல யார் பிடிக்கப் போறா’ என்று சொல்பவர்கள் விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் எதைத் தேடும் என்று யோசிப்பதில்லை. என்ஜினை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கூரையை அறுப்பது சட்டத்துக்கு வெளியேயும் தவறுதான். அவற்றில் பாடிதான் எலும்புக்கூடு. கூரையும் அதில் ஒரு பங்கு. அறுத்தால் வண்டி நடுவில் தொய்யும், கதவு ஒழுங்காகப் பூட்டாது. போகட்டும், சித்திரை மாதத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குச் செக்காலை ரோட்டில் கூரையில்லாத காரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆசை தானாகத் தணியும் என்பது என் எண்ணம்.

பலர் அறியாமல் இழப்பது இன்னொன்று. 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய நம்பர் உள்ள வண்டி அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனைதான் கடுமை: சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஐயா வாங்கிய ஹெரால்ட் 50 வருடம் காத்திருந்து இந்தத் தகுதிக்கு வந்திருக்கும். பேரன் கேஸ் கட்டரை எடுத்தால் ஒரு மத்தியானத்தில் அது போய்விடும். அதற்காக எல்லோரும் விண்டேஜ் பதிவுக்கு ஓட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினமும் புதுவயலுக்கும் கோட்டையூருக்கும் போய் வருகிறவர்களுக்கு அது சரிப்படாது.

சரி, என்ஜினை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எப்படி வருகிறது? இந்தப் பக்கத்தில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் காரணம் ஹீட். காரைக்குடியில் கிளம்பிப் பிள்ளையார்பட்டி போய்ச் சேர்வதற்குள் ஊசி சிவப்பைத் தொடுகிறது. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, பழைய என்ஜின்னா இப்படித்தான் இருக்கும், மாருதி என்ஜின் ஒண்ணு சும்மா கிடக்கு” என்கிறார். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் இதே வெயிலில் டாக்ஸியாகக் காலமெல்லாம் ஓடிய என்ஜின். புதிதாக இருந்தபோது ஆகாத ஹீட் இப்போது ஆகிறதென்றால் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது.

அடைத்திருப்பது பெரும்பாலும் உப்பு. போர் தண்ணீரையே வருடக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள். ரேடியேட்டரின் நடுப்பகுதியான கோரின் மெல்லிய குழாய்களில் அது சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் டேங்கைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதோடு நிற்காதீர்கள். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக் என்ற மூடியைத் தட்டி எடுத்தால், உள்ளே, அதுவும் கடைசி சிலிண்டர் பக்கம், துருச் சேறு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டிப் பார்த்தால்தான் எவ்வளவு இருக்கிறது என்று நம்புவீர்கள். அதை எடுக்காமல் புது ரேடியேட்டர் போட்டால் ஆறு மாதத்தில் அதே சேறு அங்கேயும் போய்ச் சேரும். அடுத்து இக்னிஷன் டைமிங். அது பின்தங்கியிருந்தாலும் என்ஜின் சூடாகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே எல்லோரும் செய்யும் கைவைத்தியம், நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. ஓட்டிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும்படி கட்டிய வீடுகள் இவை. அதே வீட்டுக் காருக்குப் போர் தண்ணீரை ஊற்றுவதை என்னவென்று சொல்ல! டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் வாங்கிவிடுங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. அந்த ஈயம் பழைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது. கம்ப்ரஷன் குறைகிறது என்றால் ஹெட்டை இறக்கி, கடினமான சீட் வளையம் போடுவது லேத் பட்டறையில் முடிகிற வேலை. முழு என்ஜினைத் தூக்கி எறியத் தேவையில்லை. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் இளக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாற்றுங்கள். இது சின்னச் செலவு. இதைச் செய்யாமல் விட்டால், சூடான என்ஜின் மேல் ஹோஸ் கசிந்து தீப்பிடிக்கும் வரை போகலாம்.

அனுமதியெல்லாம் வாங்கி என்ஜினை மாற்றியே தீருவேன் என்பவர்கள், இரண்டு மடங்கு சக்தி வந்தால் பழைய டிரம் பிரேக் அதைப் பிடித்து நிறுத்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வேகத்துக்குச் செலவழிப்பதற்கு முன் பிரேக், ஸ்டீயரிங், டயர். ஹெரால்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதன் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி நிலைகொள்ளாமல் போகும். முன்பக்கத்தில் டிரன்னியன் என்று ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். பழக்கத்தில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். டிரன்னியன் உள்ளே காய்ந்து தேய்ந்து ஒரு நாள் முறியும், முன்சக்கரம் படுத்துவிடும். திருமயம் ரோட்டில் அறுபதில் போகும்போது அது நடக்க வேண்டாம்.

வயரிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேரும். தெரியாமல் இக்காலத்து வண்டி மாதிரி மாற்றிக் கொடுத்தாலோ, எல்.இ.டி. விளக்கும் ஸ்டீரியோவும் அப்படியே பூட்டினாலோ புகைதான் வரும். போல்ட்டும் அப்படியே, இன்ச் அளவு ஸ்பேனர் செட் இல்லாமல் மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகித் தலையை வழித்துவிட்டு, “துரு பிடிச்சிருக்கு, வெட்டிடலாம்” என்பார்கள்.

எதையும் தொடாமல் அப்படியே வைத்திருப்பேன் என்பவர்களும் தப்பவில்லை. ஓட்டாமல் நிறுத்தியே வைப்பதும் காரைக் கெடுப்பதுதான். டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவி இல்லை. என்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைத்தால் உள்ளே ஈரம்தான் சேரும். மாதத்துக்கு ஒருமுறை காணாடுகாத்தான் வரை போய் வந்தால் போதும். வருடக்கணக்கில் யாரும் வரமாட்டார்கள் என்றால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பட்டி. நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும் அல்லவா, துருவின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதும் அதே கதைதான். கல்யாணத்துக்குப் பளபளவென்று நிற்கும், அடுத்த மழைக்குக் கொப்புளம் கிளம்பும். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து டிங்கரிங் செய்கிறவரைத் தேடுங்கள். உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு மையம் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டிக் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊரிலேயே இத்தனை கார்கள் பட்டிக்கு அடியில் துருப்பிடித்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

கழற்றிய சாமானைக் கொடுத்துவிடுவதும் பெரிய தவறு. பழைய ஸ்டீயரிங், டைனமோ, ஹெட்லைட் வளையம் எல்லாம் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடை எடைக்குப் போகும், இல்லையென்றால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் அலங்காரமாக உட்காரும். திரும்ப வேண்டும் என்றால் கிடைக்காது. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, எந்த இடத்திலிருந்து கழற்றியது என்று அட்டையில் எழுதி, ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வையுங்கள். இந்த வீடுகளில் பெட்டி வைக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் பேப்பரில் இருக்கும். வண்டி யார் பேரில் இருக்கிறது? ஆர்.சி.யில் ஐயா பேர்; ஐயா போய் இருபது வருடம். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 31. வீட்டில் எத்தனை புள்ளிக்கு (தனிக் குடும்பத்துக்கு) பங்கோ, காரிலும் அத்தனை புள்ளிக்கும் பேச்சு உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் இத்தனை வருடம் வண்டியை எட்டிப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் நாலு லட்சம் செலவழித்து அது பிள்ளையார் நோன்பு அன்றைக்கு முகப்பில் வந்து நின்றதும் அவருக்கும் ஐயா ஞாபகம் வந்துவிடும். பங்காளிகள் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு செலவைத் தொடங்குங்கள்.

கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட்டுச் செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது விதிமீறல், விண்டேஜ் பதிவில் வணிக உபயோகமே கூடாது. ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று: ஐந்து வருடத்துக்கு மேலான வண்டிக்கு மதிப்பு என்ன என்பதைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏஜெண்ட் சும்மா போடும் தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டோவும் செலவு பில்லும் கொடுத்துப் பேசுங்கள்.

கடைசியில் கொடுத்துவிடுவதுதான் சரி என்று தோன்றினால் கொடுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஓட்ட ஆளில்லாத கார் ஓட்டுகிறவர் கைக்குப் போவது நல்லதே. ஆனால் கல்யாணக் கூட்டத்தில், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், முதலில் வந்த வெளியூர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்காதீர்கள். ஓடுகிற நிலையில் இருக்கும் கார், ஆர்.சி., பழைய வரி ரசீது, டிரங்குப் பெட்டிச் சாமான் எல்லாம் சேர்ந்து இருந்தால் விலை வேறு. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு விலை வேறு. கொடுக்கும் அன்றைக்கே படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறும் வரை விடாமல் துரத்துங்கள். பேர் மாறாத வரை அந்த வண்டி எங்கே யாரை இடித்தாலும் கோர்ட் நோட்டீஸ் ஆர்.சி.யில் உள்ள பேருக்குத்தான் வரும்.