அப்பத்தா சீப்புச் சீடையை ஒதுக்கினால் கவனியுங்கள்

காரைக்குடிப் பக்கம் டின்னில் சீப்புச் சீடையோ தேன்குழலோ இல்லாத வீடு குறைவு. கேட்டு வாங்கிச் சாப்பிடும் அப்பத்தா திடீரென “வேண்டாம்ப்பா” என்றால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். பல் ஆடுகிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, பல்செட் தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பல் போனபின் தாடை எலும்பு மெல்லக் கரையும். அதனால் நன்றாகப் பொருந்திய செட்டும் சில வருடங்களில் ஆடும். பல் டாக்டரிடம் போனால் சரிசெய்து தருவார்.

மெல்ல முடியாதவர்கள் கறியையும் காயையும் விட்டுவிட்டு, கஞ்சி இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பெரிய கவலை இதுதான். புரதம் குறைந்தால் தசை கரைந்து, நடையே தளர்ந்துவிடும். கறியைப் பொடியாகக் கொத்தி வேகவையுங்கள். முட்டை, பருப்பு மசியல் கொடுங்கள். கவுனி அரிசியைக்கூட இரவே ஊறவைத்துக் குழைய வேகவிட்டால் அவர்களால் சாப்பிட முடியும்.

செட்டை இரவில் கழற்றிக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டுவைக்கவும். கொதிக்கும் நீர் கூடாது, வளைந்துவிடும். அப்புறம், வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புண் 2 வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.