நம்ம ஏரியா பசங்களுக்கு சாயங்கால டியூஷன் சென்டர் ஆரம்பிக்கிறது எப்படி?

வட சென்னைல வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, புளியந்தோப்பு பக்கம் நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து பசங்களுக்கு ஏதாச்சும் பண்ணணும்னு நெனச்சா மொதல்ல தோணுறது பேனர் அடிச்சு நோட்டு குடுக்கறதுதான். தயவு செஞ்சு அதுல ஆரம்பிக்காதீங்க. அரசுப் பள்ளி பசங்களுக்கு புக்கு, நோட்டு, யூனிஃபார்ம், பை, செருப்பு எல்லாம் கவர்மெண்டே குடுத்துடுது. ஒரு பையன் ஸ்கூல விட்டு நிக்கறான்னா நோட்டு இல்லாம நிக்கறதில்ல, அப்பாவுக்கு உடம்பு முடியாம போயிருக்கும், இல்ல அம்மா தண்டல், அதான் வட்டிக்கு வாங்கி தெனம் கட்டற கடன், கட்ட முடியாம தவிச்சிட்டு இருப்பாங்க, இல்ல சின்னப்புள்ளய பாத்துக்க வீட்ல ஆளே இருக்காது. அதனால டியூஷன் சென்டர்னு பேர் வெச்சாலும் நீங்க பாக்கப்போறது அந்த வீட்டையும் சேத்துதான்.

மொத மாசம் கிளாஸே வேணாம், வீடு வீடா போங்க. வீட்டு வேலைக்கு போற அக்காங்க மதியானத்துக்கு மேலதான் திரும்புவாங்க, அப்ப போய் உக்காந்து பேசுங்க, எத்தன பசங்க, எந்த ஸ்கூலு, யாரு நின்னுட்டாங்கன்னு கேளுங்க. மறக்காம தண்ணி லாரி எத்தன மணிக்கு வருதுன்னும் கேட்டுக்கோங்க. நீங்க பாட்டுக்கு 5 மணி கிளாஸ்னு போர்டு மாட்டிட்டு லாரியும் அதே நேரத்துக்கு வந்துச்சுன்னா ஹாரன் கேட்டதும் பொம்பளப்புள்ளைங்க எல்லாம் கொடத்த தூக்கிட்டு ஓடிடுங்க, கிளாஸ்ல பையனுங்க மட்டும்தான் மிச்சம். லாரி போனப்பறம் வைங்க.

எடம் மன்றமோ, சர்ச் ஹாலோ, யாரோ ஒருத்தர் வீட்டு மொட்டமாடியோ எதுவா இருந்தாலும் சரி. கட்சி ஆபீஸ் மட்டும் வேணாம், மத்த கட்சிக்காரங்க வீட்டுப் புள்ளைங்க வராது.

அப்பறம் சாப்பாடு. இத யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, எனக்கு இதான் முக்கியம். காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும்தான். ஆறாவதுக்கு மேல நெறைய புள்ளைங்க வெறும் வயித்தோட ஸ்கூலுக்கு போகுது, மதியம் சத்துணவு சாப்டுது, அதுக்கப்பறம் ராத்திரி அம்மா வந்து ஒல வைக்கற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் 6 மணிக்கு அந்தப் புள்ளைக்கு கணக்கு எப்படி ஏறும்? கருப்பு கொண்டக்கடல ஒரு கிலோ ராத்திரியே ஊற வெச்சு அவிச்சா சுமாரா 25 பேருக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். பாடத்துக்கு முன்னாடியே குடுத்துடுங்க, கடைசில தர்றேன்னு சொல்லி உக்கார வைக்காதீங்க.

ஆறாவது ஏழாவது படிக்கற பொண்ணுங்க சிலது இடுப்புல தம்பிய தூக்கிட்டு வந்து வாசப்படியிலயே நிக்கும், உள்ள வாம்மான்னா "இவன் அழுவான்க்கா" அப்டின்னு சொல்லிட்டு எட்டி எட்டி போர்ட பாத்துட்டு இருக்கும். அந்தப் பொண்ண திருப்பி அனுப்பிடாதீங்க. மூலையில ஒரு பாய், நாலு பொம்ம, பாத்துக்க அதே தெருவுல இருக்கற பாட்டியோ அக்காவோ ஒருத்தர், அவங்களுக்கு மாசம் ஏதாச்சும் குடுங்க. இத பண்ணலன்னா இந்த மாதிரி பொண்ணுங்கதான் மொதல்ல நின்னுடும்.

பாடம் ஹோம்வொர்க்கோட முடிஞ்சிடக் கூடாது. எட்டாவது படிக்கற பையன் தமிழே எழுத்துக்கூட்டிப் படிப்பான், அவன மூணாவது பசங்களோட உக்கார வெச்சா அடுத்த நாள் வரமாட்டான், தனியா ஒருத்தர் கூட உக்காந்து சொல்லிக் குடுங்க. கேரம் போர்டு ஒண்ணு கண்டிப்பா வாங்குங்க. 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகப் போட்டில தங்கம் ஜெயிச்ச காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்ட பொண்ணு, ஆட்டோ ஓட்டறவர் மக. படிப்புக்கு வராத பசங்க கூட கேரமுக்கு வருவாங்க, வந்தவங்கள புடிச்சு வெச்சுக்கலாம்.

இப்ப பேப்பர் வேல. ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, பர்த் சர்டிஃபிகேட்ல பேரே இருக்காது, இதனாலயே வர வேண்டிய உதவி வராம எத்தன குடும்பம் இருக்கு தெரியுமா. வாரத்துல ஒரு நாள் இதுக்குன்னே ஒதுக்குங்க. பொறப்பு பதிவு பண்ணி 15 வருஷத்துக்குள்ள பேர சேத்துக்கலாம், மாநகராட்சி ஆபீஸ்ல. சாதிச் சான்று, வருமானச் சான்று இ-சேவை மையத்துல 60 ரூபாதான், புரோக்கர்கிட்ட ஆயிரக்கணக்குல குடுக்க விடாதீங்க.

அப்பா இல்லாத, அப்பா விட்டுட்டு போன புள்ளைங்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4,000 ரூபா, 18 வயசு வரைக்கும் வாங்க வழி இருக்கு. நகரத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000த்துக்குள்ள இருக்கணும், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும். நிதி ஒதுக்கீட்ட பொறுத்துதான் கெடைக்கும், அதனால அம்மாங்ககிட்ட கண்டிப்பா வரும்னு சொல்லிடாதீங்க, ஆனா மனு குடுக்காம விடாதீங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிட்டு காலேஜ் சேர்ற பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டம், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம், மாசம் 1,000 ரூபா. பன்னெண்டாவது பரீட்ச முடியறதுக்குள்ள பேங்க் அக்கவுண்ட்ல ஆதார இணைச்சு வெச்சிடுங்க.

காசிமேடு பக்கம் ஒரு விஷயம் தனியா சொல்லணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, சரியா அந்த நேரத்துலதான் ஸ்கூலும் தொறக்குது. ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கறது அப்பதான். உங்ககிட்ட கொஞ்சம் காசு சேந்திருந்தா தீபாவளி டிரஸ்ஸுக்கு செலவு பண்ணாம மே மாசத்துல அரிசி பருப்புக்கும் தனியார் ஸ்கூல்ல படிக்கற புள்ளைங்க ஃபீஸுக்கும் வெச்சுக்கோங்க.

பாதுகாப்புல கறாரா இருங்க. கதவு தொறந்தே இருக்கணும், எப்பவும் பெரியவங்க ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் பொம்பள. ஒரு புள்ள தப்பா ஏதாச்சும் நடந்துச்சுன்னு சொன்னா தெரு பஞ்சாயத்துல பேசி முடிக்கப் பாக்காதீங்க, புள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டப்படி விஷயம் தெரிஞ்சவங்க புகார் குடுத்தே ஆகணும், ஒடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிங்க. அரிசிப்பையோட புள்ளைங்கள நிக்க வெச்சு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறதும் வேணாம், நாளைக்கு கிளாஸ்ல அந்தப் புள்ளயதான் கிண்டல் பண்ணுவாங்க.

ரெஜிஸ்டர் பண்றதுக்கு அவசரமில்ல. ஒரு வருஷம் ஓடட்டும், அப்பறம் டிரஸ்ட்டோ சொசைட்டியோ போடுங்க, சொசைட்டின்னா கொறஞ்சது 7 பேர் வேணும். ஆனா கணக்கு மொத நாள்லேர்ந்தே எழுதி செவுத்துல ஒட்டுங்க, தெருவே பாக்கட்டும்.

அக்டோபர் பொறந்ததும் எல்லா வீட்டு பேப்பரையும் ஒரு தடவ ஃபோன்ல ஸ்கேன் பண்ணி வெச்சிடுங்க, ஒரிஜினல ஜிப் கவர்ல போட்டு மேல பரண்ல வைக்கச் சொல்லுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப வீட்டுக்குள்ள தண்ணி வந்து மார்க் ஷீட்டு சர்டிஃபிகேட்டு எல்லாம் ஊறிப்போன வீடு நம்ம பக்கம் நெறைய.