சர்க்யூட் லேபில் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக முதலாண்டு மின்சுற்று லேப் எடுக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள் ‘மின்தடை’ என்பாள்; அதே மேசையில் நிற்பவன் மலையாளத்தில் ‘பிரதிரோதம்’ என்பான். அதில் ஒரு சிரமமும் இல்லை, இரண்டே வாரத்தில் பழகிவிடும். இருவருக்கும் பொதுவான சொல்தான் சிக்கல்: கரண்ட்.

மழை பெய்தால் கரண்ட் போகிறது. ஒயரைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வருகிறது. ஆனால் பில்லில் இருக்கும் யூனிட் என்பது ஆற்றலின் கணக்கு, ஒரு கிலோவாட் மணி. மின்னழுத்தம், மின்னோட்டம், ஆற்றல் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பெயர். அப்படி வளர்ந்த பிள்ளை, பேட்டரிக்குள் கரண்ட் நிரம்பியிருக்கிறது, பல்பு அதைத் தின்றுவிடுகிறது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பை வெளியே வரவழைக்காமல் நேராக ஓம் விதிக்குப் போவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைக்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் போடும் முன்பே, எது பிரகாசமாக எரியும் என்று நோட்டில் எழுத வையுங்கள். முதல் பல்புதான் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். அப்புறம் அம்மீட்டரை பல்புகளுக்கு முன்னால், நடுவில், பின்னால் என்று மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். மூன்று இடத்திலும் ஒரே ரீடிங் வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அந்த நிமிடத்தில் நாம் பேசவே கூடாது.

“டீச்சர், எரியல” என்று கூப்பிட்டதும் ஒயரைப் பிடுங்கி நாமே மாட்டிக் கொடுப்பது அடுத்த தவறு. பல்பு எரியும், பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. நான் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “பேட்டரி ப்ளஸ்ஸில் விரலை வை, ஒயர் வழியாகவே மைனஸ் வரைக்கும் வா” என்று மட்டும் சொல்கிறேன். எங்கே விரல் தடுமாறுகிறதோ, பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பிரெட்போர்டில், அதாவது ஒயர்களைச் செருகி சர்க்யூட் அமைக்கும் துளைப் பலகையில், ஒரு வரிசையின் ஐந்து துளைகள் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஒரு ரெசிஸ்டரின் (மின்தடை உறுப்பின்) இரண்டு காலையும் அதே வரிசையில் செருகியிருப்பார்கள், அப்போது அது இல்லாதது போலத்தான். சில நீளமான போர்டுகளில் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் அறுந்திருக்கும். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனால் அம்மீட்டர் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. அதன் மின்தடை மிகக் குறைவு. பல்புக்கு இணையாக வைத்தால் அது ஷார்ட்தான். ஸ்விட்ச் போட்ட பிறகு வந்து பார்ப்பதில் பயனில்லை. அடிக்கடி நடப்பது இது: மின்னோட்டம் அளந்த குழு சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுப் போகும், அடுத்த குழு அதே மீட்டரில் வோல்டேஜ் பார்க்கும், அதுவும் ஷார்ட்தான். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது.

0.25 வாட் வரைதான் தாங்கும் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் கணக்குப் போடாமல் கொடுக்காதீர்கள். 100 ஓமுக்குக் குறுக்கே 9 வோல்ட் என்றால் 0.81 வாட், விரல் சுடும்.

கடைசியாக, நான் செய்த ஒன்று. இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் தொடராக, 10 வோல்ட் சப்ளை. ஒரு மாணவி அதில் ஒரு ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள வோல்டேஜை 4.76 என்று எழுதி வந்தாள். “5 வரணுமே, ஒழுங்காப் பாரு” என்று திருப்பி அனுப்பினேன். 5 என்று எழுதி வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று இரவுதான் உறைத்தது. மீட்டரின் சொந்த மின்தடை 10 மெகா ஓம். அது இணையாகச் சேர்ந்ததும் அந்த 1 மெகா ஓம் 0.909 மெகா ஓம் ஆகக் குறைகிறது, 4.76தான் சரியான விடை. மறுவாரம் எல்லார் முன்னாலும் அவள் ரீடிங்தான் சரி என்று சொல்லி, கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டினேன். அதிலிருந்து என் லேபில் யாரும் ரீடிங்கை அழிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இன்னொன்று எழுதலாம். முதலில் எழுதியது அப்படியே இருக்கும்.