டிரில்லிங் மெஷினுக்குச் சக்கரம் வைத்த கதை

முதலில் அடித்தட்டின் கீழேயே நான்கு சுழல் சக்கரங்களைப் பொருத்தினேன். முட்டாள்தனம். ஆளுயர மெஷின், மோட்டாரும் தலைப்பகுதியும் உச்சியில். லேசாகத் தள்ளியதுமே என்மேல் சாய்ந்தது; நல்ல வேளை, சுவர் பக்கத்தில் இருந்தது.

பிறகு இரும்பு ஆங்கிளில் (L வடிவ இரும்புப் பட்டை), ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. கூடுதல் அகலத்தில் சட்டம் வெல்டிங் செய்து, மெஷினை அதில் போல்ட் போட்டு இறுக்கினேன். சக்கரங்கள் இப்போது சட்டத்துக்கு வெளியே, நான்கு மூலைகளில். அதனால் அடித்தட்டு தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில்தான் நிற்கிறது. துளையிடும்போது மூலைகளில் உள்ள போல்ட் கால்களைத் திருகி இறக்கினால் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும், அதிர்வு இல்லை. திருகுவதுதான் சலிப்பு.

நகர்த்துமுன் மெஷினின் மேசையை, அதாவது துளையிடும் பொருளை வைக்கும் தட்டை, அடிவரை இறக்கிவிடுகிறேன். தள்ளுவது மெஷின் தூணின் கீழ்ப்பகுதியில் மட்டும்.