பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளையைப் படிப்படியாகப் பழக்குவது எப்படி?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வயிற்றுவலி, பள்ளி வேன் தெருவைக் கடந்ததும் தணிந்துபோவதைக் காணும் பெற்றோர் பலர், பிள்ளை நடிக்கிறது என்றே முடிவு செய்துவிடுகிறார்கள். அச்சம் மிகுந்தால் குடலின் இயக்கம் மாறும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். ஆகவே பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மையான வலியே. குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, வேறு நோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"சரி, இன்றைக்கு ஒருநாள் வீட்டில் இரு" என்று சொன்னவுடன் பிள்ளைக்குக் கிடைக்கும் நிம்மதியே அச்சத்துக்குத் தீனியாகிறது. மறுநாள் பள்ளி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அழும் பிள்ளையை இழுத்துச் சென்று வாசலில் விட்டுத் திரும்புவதும் பயன் தராது. கிணற்றில் நீச்சல் பழக்குபவர் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, கைக்கெட்டும் தொலைவில் தாமும் நீருக்குள் நிற்பார். ஆனால் கைகால்களை அடித்து நீந்த வேண்டியது பிள்ளைதான். பெற்றோர் இங்கே ஏற்க வேண்டிய பொறுப்பும் அத்தகையதே.

"ஏன் போகமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் "தெரியாது" என்ற பதிலே வரும். மாறாக, ஒரு தாளில் பள்ளி நாள் முழுவதையும் பிள்ளையோடு சேர்ந்து எழுதுங்கள்: பேருந்து, வாசல், காலை வணக்கக் கூட்டம், கணக்குப் பாடவேளை, கழிப்பறை, மதிய உணவு, கடைசி மணி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எவ்வளவு பயம் என்பதைப் பிள்ளையே 0 முதல் 10 வரை குறிக்கட்டும். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூரில் படித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்குப் பேருந்தேறும் பிள்ளைக்குப் பாடத்தைவிட, யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே பெரிய பயமாக இருக்கக்கூடும். அடியோ, அவமதிப்போ, சக மாணவரின் தொல்லையோ காரணமாக இருந்தால், முதலில் அதைப் பள்ளியிடம் பேசி நிறுத்த வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளும்படி பிள்ளையைப் பழக்குவது அநீதி. உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், தடை செய்கிறது.

பின்னர் அந்த எண்களைக் கொண்டு படிகளை அமையுங்கள். விடுமுறை நாளில் சீருடை அணிந்து பள்ளி வாசல் வரை நடந்து திரும்புவது முதல் படியாகலாம். அடுத்து, வகுப்பாசிரியரை மாலையில் சந்தித்துப் பத்து நிமிடம் பேசுவது. அதன் பிறகு, பிடித்த பாடவேளை ஒன்றில் மட்டும் உட்காருவது. பிறகு மதியம் வரை. பிறகு முழு நாள். எந்தப் படியிலும் பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி வராமல், அது ஓரளவேனும் தணியும்வரை அங்கேயே இருக்கச் செய்வது மிக முக்கியம், ஏனெனில் பயம் ஏறியபின் தானாகவே இறங்கும் என்பதை உடல் அனுபவித்தே கற்றுக்கொள்கிறது. எந்த நாளில் எந்தப் படி என்பதை முந்தைய நாள் மாலையே முடிவு செய்யுங்கள்; காலை நேரம் பேரம் பேசுவதற்குரியதல்ல.

காலையில் பேச்சு குறைவாகவும் கனிவாகவும் இருக்கட்டும். "ஒன்றும் ஆகாது" என்று நூறு முறை சொன்னால், நூற்றோராவது முறையும் கேட்காமல் பிள்ளையால் கிளம்ப முடியாமல் போகும். "பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, கண்ணு. வயிறு பிசைந்தாலும் இன்றைக்கு இரண்டு பாடவேளை உட்காரலாம் என்றுதானே நேற்றுப் பேசினோம், வா" என்பது போதும். திரும்பி வந்ததும் மதிப்பெண்ணையோ வீட்டுப்பாடத்தையோ கேட்காமல், பயத்தோடும் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். வீட்டில் தங்க நேர்ந்த நாளில், பள்ளி நேரம் முடியும்வரை தொலைக்காட்சியும் கைப்பேசியும் வேண்டாம். இதில் தாத்தா பாட்டியும் உடன்பட வேண்டும். "பாவம், விட்டுவிடேன்" என்று ஒருவர் சொன்னாலும் ஒரு வார உழைப்பு கரைந்துவிடும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை சிலவே: வாசலில் எதிர்கொள்ளத் தெரிந்த முகம் ஒன்று, மூச்சுத் திணறும்போது ஐந்து நிமிடம் உட்கார ஓர் இடம், "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று வகுப்பு முன்னிலையில் யாரும் கேட்காதிருத்தல்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகோ காய்ச்சலுக்குப் பிறகோ பழைய அச்சம் திரும்புவது இயல்பு. அப்போது ஒரு படி மட்டும் கீழே இறங்கி, அங்கிருந்து தொடருங்கள். சில வாரங்கள் முயன்றும் நகர்வே இல்லை என்றாலோ, உறக்கமும் உணவும் குறைந்தாலோ, உளவியல் நிபுணரை நாடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாளும் காத்திராதீர்கள். தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.