உருளைக்கிழங்குக் குச்சியில் செல்லின் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது எப்படி?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன் வந்தால் எங்கள் வீட்டில் கிளிமூக்கு மாங்காயைத் துண்டு போட்டு, கல் உப்பு பிசறி, ஜாடியில் மூடி வைப்பார்கள். மறுநாள் காலையில் திறந்தால் உள்ளே தண்ணி நிற்கும். யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. "மாங்கா தண்ணி விட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் இதையே சவ்வூடு பரவல், அதாவது செல்லைச் சுற்றிய மெல்லிய சவ்வு வழியாக உப்பு கூடுதலாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் நகர்வது என்று படித்து, மார்க் வாங்கி, மறந்தும்விட்டேன்.

அதைத்தான் இப்போது கையால் தொட்டுப் பார்க்கப் போகிறோம். மாங்காயிலும் செய்யலாம், ஆனால் சோதனை முடிவதற்குள் பாதி காணாமல் போய்விடும். அதனால் உருளைக்கிழங்கு.

முதல் வேலை: ஒரு பெரிய கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் நீளத்துக்கு, பென்சில் தடிமனில் ஆறு குச்சிகள் வெட்டுங்கள். இரண்டை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து ஆற வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், சோதனையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

அப்புறம் மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் 200 மில்லி தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணி நாக்கில் கரித்தாலும் பரவாயில்லை, கிழங்குச் செல்லைச் சுருக்கும் அளவுக்கு அதில் உப்பு கிடையாது. இரண்டாவது டம்ளரில் மட்டும் ஒரு டீஸ்பூன் தூள் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். பச்சைக் குச்சி இரண்டு வெறும் தண்ணீரில், இரண்டு உப்புத் தண்ணீரில், வேகவைத்தவை மூன்றாவது டம்ளரில், அதாவது வெறும் தண்ணீரில். இரண்டு மணி நேரம் விடுங்கள்.

இப்போது ஒவ்வொன்றையும் ஒரு முனையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருந்து 'டக்' என்று ஒடியும். உப்பில் கிடந்தது ரப்பர் மாதிரி வளையும். வேகவைத்தது தண்ணீரிலேயே கிடந்தும் தொளதொளவென்றுதான் இருக்கும், ஏனென்றால் சூட்டில் அதன் செல் சவ்வு கெட்டுவிட்டது. உப்பை ஒரு பக்கம் நிறுத்தி வைக்கச் சவ்வு இல்லையென்றால் தண்ணீர் எந்தப் பக்கம் போவது? வளைந்த குச்சியை வெறும் தண்ணீருக்கு மாற்றி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் விறைப்பு ஓரளவு திரும்பியிருக்கும்.

சரி, இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரை நேராக இழுக்கவோ தள்ளவோ பம்பு எந்தச் செல்லிலும் கிடையாது. செல் நகர்த்துவது உப்பையும் சிறு மூலக்கூறுகளையும்தான், தண்ணீர் பின்னாலேயே போகும்.

கிழங்குச் செல்லுக்காவது சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவர் இருக்கிறது, எவ்வளவு குடித்தாலும் சுவர் தாங்கும். நம் செல்லுக்கு அது இல்லை. உள்ளே புரதங்கள் அடைந்து கிடப்பதால் தண்ணீர் எப்போதும் உள்ளே வரப் பார்க்கும், சும்மா இருந்தால் ஊதி வெடித்துவிடும். அதனால் சவ்வில் ஒரு பம்பு ராத்திரி பகலாக ஓடுகிறது: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஏடிபியை (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார், நோபல் வந்ததோ 1997இல்!

அதையும் மீறிச் செல் வீங்கினால் பொட்டாசியம், குளோரைடு வழிகளைத் திறந்துவிடும், அவற்றோடு தண்ணீரும் வெளியேறும். சுருங்கினால் சோடியத்தையும் குளோரைடையும் உள்ளே இழுக்கும். ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதும் இந்தக் கணக்கில்தான், வெறும் தண்ணீரை ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணு உடைந்துவிடும்.

ஆனால் வெளியே உப்பு நாள் கணக்கில் கூடியே இருந்தால்? உள்ளேயும் உப்பை ஏற்றிக்கொண்டே போக முடியாது, புரதங்கள் கெட்டுவிடும். அப்போது புரதத்துக்குத் தொல்லை தராத பொருள்களைச் செல் சேர்த்து வைக்கும். நம் சிறுநீரகத்தின் உள்பகுதிச் செல்கள் சார்பிட்டால் வைத்துக்கொள்கின்றன, உப்பில் மாட்டிய பல செடிகள் புரோலின் சேர்க்கின்றன. ஊறுகாய் ஜாடியில் சில சமயம் மேலே வெள்ளையாக ஆடை கட்டுமே, அது பெரும்பாலும் ஈஸ்ட். மாங்காய்த் துண்டைச் சுருக்கிய அதே உப்பில், உள்ளே அதே வகைப் பொருளான கிளிசராலைச் செய்து நிரப்பிக்கொண்டு அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும்.